செட்டிங் பார்க்காமல் மெஷின் ஓட்டலாமா?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறை 2008–2012 அணியைச் சேர்ந்த பொறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். – மலர்க் குழு)



இந்த மேடையில் ஏறும்போது கால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. நான்காம் வருடம் இதே மேடையில் செமினார் பேச வந்து, பாதியில் மறந்துபோய் இறங்கியவன் நான். அதைப் பார்த்த சாட்சிகள் இரண்டாம் வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்குக் கையில் குறிப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்.

சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசு. ரோபோ, செயற்கை அறிவுன்னு பேசினா நல்லா இருக்கும்" என்றார். "பிரவுசர் செட்டிங் பத்திப் பேசட்டுமா அண்ணே?" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதுல பேச என்னப்பா இருக்கு?" என்றார். என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் இருப்பது வல்லக்கோட்டையில், முருகன் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வாடகை வீடு. வேலை ஒரகடம் சிப்காட்டில், உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில். எங்கள் ஊரில் பொழுது விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். திருவண்ணாமலை, விழுப்புரம், செய்யாறு பக்கத்துப் பிள்ளைகள் ஒரு அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்கி, ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஓடுகிறார்கள். அவர்களுக்கு வங்கி, வருங்கால வைப்பு நிதி, தேர்வு விண்ணப்பம், ஊருக்குப் போக டிக்கெட் எல்லாமே கையில் இருக்கிற போன்தான். அந்தப் போனில் இருக்கிற உலாவிதான்.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் செட்டர் என்று ஒருவர் உண்டு. வேறு பாகம் ஓட்ட வேண்டும் என்றால் அவர் வந்து டூல் மாற்றி, ஆஃப்செட் போட்டு, வேகம் பார்த்து, முதல் பீஸை எடுத்துத் தரக் கட்டுப்பாட்டுக்கு அனுப்புவார். அது 'ஓகே' ஆன பிறகுதான் அடுத்த பீஸ். மெஷினை விற்ற கம்பெனி போட்டுக் கொடுத்த செட்டிங்கிலேயே நேராக ஓட்டினால் என்ன ஆகும்? ஸ்கிராப் தொட்டி நிறையும். இது முதல் மாதப் பயிற்சியாளருக்கும் தெரியும். ஆனால் அதே பயிற்சியாளரும், அவருக்குச் சொல்லிக்கொடுக்கிற என்னைப் போன்ற பொறியாளரும், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓட்டுகிற உலாவியை மட்டும் வந்த செட்டிங்கிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறோம்.

இதில் ஸ்கிராப் ஆவது என்ன என்று ஒரு சம்பவம் எனக்குக் காட்டியது.

போன வருடம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். எங்கள் தெருவில் தங்கியிருக்கிற ஒரு பையன், டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளராக இருப்பவன், ராத்திரி பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, இது நிஜமான்னு கொஞ்சம் பாருங்கண்ணா" என்று போனை நீட்டினான். ஒரகடத்தில் பெரிய கார் கம்பெனியில் நிரந்தர வேலை, பதிவுக் கட்டணம் 2,750 ரூபாய் என்று ஒரு செய்தி. "கட்டிட்டியா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். அதைக் கட்டிய பிறகு, சீருடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் என்று இன்னொரு 6,000 கேட்டிருக்கிறார்கள். அதையும் கட்டிவிட்டு, மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சந்தேகம் வந்து என்னிடம் வந்திருக்கிறான். மொத்தம் 8,750 ரூபாய். அவன் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணம்.

அந்தச் செய்தி எஸ்.எம்.எஸ். இல்லை, வாட்ஸப்பும் இல்லை. உலாவியே கொண்டுவந்து காட்டிய நோட்டிபிகேஷன். எப்போதோ படம் பார்க்க ஒரு தளத்துக்குப் போயிருக்கிறான். 'தொடர அனுமதி என்பதை அழுத்தவும்' என்று கேட்டிருக்கிறது, அழுத்தியிருக்கிறான். அன்றிலிருந்து அந்தத் தளத்தைத் திறக்காமலே அது இவன் போனுக்குச் செய்தி அனுப்பலாம். செட்டிங்கைத் திறந்து பார்த்தால், அப்படி அனுமதி வாங்கி வைத்திருந்த தளங்கள் 41. அதில் சில, இவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் அனுமதியையும் வாங்கியிருந்தன. "எப்படிடா நம்பினே?" என்று கேட்டேன். "ஒரகடம்னு நம்ம ஊர் பேரே போட்டிருந்துச்சேண்ணா" என்றான். அந்த இட அனுமதியால்தான் ஊர்ப் பெயர் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதவு திறந்து கிடந்தது என்பது மட்டும் உண்மை.

அன்று ராத்திரியே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிவு செய்தோம். பணம் திரும்பி வரவில்லை. இந்த எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; பணம் போனது தெரிந்த உடனே, தாமதிக்காமல் கூப்பிட்டால்தான் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் கூப்பிட்டபோது மூன்று நாள் ஆகியிருந்தது.

அவனை அனுப்பிவிட்டு, பெரிய யோக்கியன் மாதிரி என் லேப்டாப்பைத் திறந்தேன். எனக்கும் 17 தளங்கள்! அதைவிடப் பெரிய வெட்கம் மறுநாள் காத்திருந்தது. வேலை செய்யும் இடத்தில் மூன்று ஷிஃப்டுக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர். அதன் உலாவியில் எப்போதோ ஒரு அவசரத்தில் என் சொந்தக் கணக்கைப் போட்டுத் திறந்திருக்கிறேன், சிங்க் ஓடிக்கொண்டிருந்தது. நான் வீட்டில் சேமித்த கடவுச்சொல் அத்தனையும், வங்கிக் கடவுச்சொல் உட்பட, அந்தப் பொது மெஷினில் இறங்கி உட்கார்ந்திருந்தது. எட்டு மாதம்! என் சக ஊழியர்கள் நல்லவர்கள் என்பதால் தப்பினேன். அது என் சாமர்த்தியம் இல்லை.

யாருக்காகப் போட்ட செட்டிங்?

ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உலாவியோடு வருகிற செட்டிங்கை நம்மில் பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. இது செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில் ஒரு கணக்கு வெளியே வந்தது. மற்றவர்களின் உலாவியிலும் போனிலும் தன்னுடைய தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக, 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ரூபாய் இல்லைங்க, டாலர். தேடுபொறியை மாற்ற நமக்கு ஆகிற நேரம் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை நாம் செலவழிக்க மாட்டோம் என்ற நம்பிக்கைக்குத்தான் அவ்வளவு விலை. 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம், கூகுள் சட்டத்தை மீறி ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தது.

உலாவி செய்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மெஷின் செய்தவர் போட்ட செட்டிங் அவருடைய கணக்குக்குச் சரி. நம் பாகத்துக்கு எது சரி என்று பார்க்க வேண்டியது நாம். அதை வேகம், அந்தரங்கம், வசதி என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

வேகம்

முன்வரிசையில் இருக்கிற 90-களின் அண்ணன்மார்களுக்கு இது புதிதில்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணைய சேவையை வி.எஸ்.என்.எல். தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. அன்றைய டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 கிலோபைட் படம் ஒன்று இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். இன்றைக்கு ஒரு செய்திப் பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த வேகத்தில் அது திறக்க 28 நிமிடம் ஆகும். அதனால் அப்போது நெட்ஸ்கேப் உலாவியில் எல்லோரும் முதலில் தேடிப்போன செட்டிங், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துகிற செட்டிங்தான். இன்னும் குறைந்த கட்டணக் கணக்கு வைத்திருந்தவர்கள் லிங்ஸ் என்கிற உலாவியில் வெறும் எழுத்தை மட்டும் படித்தார்கள். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்தத் தலைமுறை இணையத்துக்குள் நுழைந்தது.

எங்கள் தலைமுறைக்கு வந்தது நோக்கியா போன். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் திறந்து 2014-இல் மூடிய ஆலையில், நம் வீட்டு அக்காமார்கள் கோத்துக் கொடுத்த போன். அதில் ஓபரா மினி என்று ஒரு உலாவி போட்டுக்கொள்வோம். நாம் கேட்கிற பக்கத்தை அந்த நிறுவனத்தின் சர்வர் முதலில் வாங்கி, சுருக்கி, சின்னதாக்கி நமக்கு அனுப்பும். சின்னத் திரையிலும் சொற்பப் பணத்திலும் தேர்வு முடிவு பார்த்தது அதனால்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பக்கத்தைச் சுருக்க வேண்டுமென்றால் அதை நடுவில் ஒருவர் பிரித்துப் பார்த்தாக வேண்டும். வங்கித் தளமாக இருந்தாலும் நடுவில் பிரிந்துதான் வரும். வேகத்துக்கும் அந்தரங்கத்துக்கும் நடுவே இப்படி ஒரு இழுபறி எப்போதும் இருக்கிறது. செட்டிங் போடுகிறவருக்கு இந்த இழுபறி தெரிந்திருக்க வேண்டும்.

இன்றைக்கு லைன் வேகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்றால் முதலில் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, எக்ஸ்டென்ஷன்கள். எப்போதோ பி.டி.எஃப். மாற்ற, படம் இறக்க என்று போட்டது எல்லாம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றும் நினைவகத்தைத் தின்னும். பல எக்ஸ்டென்ஷன்களுக்கு நாம் பார்க்கிற பக்கம் எல்லாவற்றையும் படிக்கிற அனுமதியும் இருக்கும். மூன்று மாதம் தொடாததை நீக்கிவிடுங்கள்.

இரண்டு, திறந்து கிடக்கிற டேப்கள். குரோமில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரி சேவர் என்று இருக்கிறது. எட்ஜில் டேப்களைத் தூங்க வைக்கிற வசதி இருக்கிறது. நாம் பார்க்காத டேப்பின் நினைவகத்தை அது விடுவித்துவிடும். 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அல்லாடுகிற தம்பிகளுக்கு இது ஒன்றே பெரிய உதவி.

மூன்று, விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும். ஒரு சின்னச் செய்தியைப் படிக்கப் போனால் கூடவே பத்துப் பதினைந்து இடங்களிலிருந்து நிரல்கள் இறங்குகின்றன. யூபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பான் போட்டால் அந்தச் சுமை இறங்காது. பக்கம் பளிச்சென்று திறக்கும். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதியை மாற்றிவிட்டதால் அங்கே அதன் லைட் வடிவம்தான் கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழு வடிவமும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும்.

ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தினமும் கேஷை அழித்தால் வேகம் கூடும் என்று நம் பசங்க நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். ஒரு தளத்தின் படங்களையும் நிரல்களையும், அடுத்த தடவை மறுபடி இறக்க வேண்டாம் என்று உலாவி எடுத்து வைக்கிற இடம்தான் கேஷ். டூல் ரேக்கை தினமும் காலி செய்துவிட்டு தினமும் ஸ்டோருக்கு ஓடுகிற மாதிரிதான் அது. ஏதாவது ஒரு தளம் கோளாறாகத் தெரிந்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் அழியுங்கள். போதும்.

அந்தரங்கம்

குக்கி என்கிற சொல்லை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி என்கிற இளம் பொறியாளர் செய்தது. சற்றுமுன் சொன்ன லிங்ஸ் உலாவியை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். குக்கி வருவதற்கு முன் ஒரு தளத்துக்கு ஞாபகமே கிடையாது. ஒரு பக்கத்தில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கம் போனால், நீங்கள் யாரோ, அது யாரோ. கடையில் டோக்கன் கொடுக்கிற மாதிரி, அடுத்த தடவை வரும்போது அடையாளம் காண ஒரு சின்னத் துண்டை நம் உலாவியிலேயே வைத்தார்கள். நல்ல யோசனை. அது இல்லாவிட்டால் வங்கித் தளத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் கடவுச்சொல் கேட்கும்.

பிரச்னை வந்தது மூன்றாம் ஆள் குக்கியால். நீங்கள் போனது ஒரு செய்தித் தளத்துக்கு. அதில் விளம்பரம் வைத்தவரும் தன் டோக்கனைச் செருகுகிறார். அடுத்து ரயில் டிக்கெட், அடுத்து மருந்துக் கடை. அங்கேயும் அவருடைய விளம்பரம் இருந்தால் அதே டோக்கனைப் பார்த்து, 'ஓ, அவர்தானா' என்று குறித்துக்கொள்கிறார். சஃபாரி 2020 மார்ச்சில் இதை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2022-லிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறது. குரோமை வைத்திருக்கும் கூகுள் 2020-இல் இதை நிறுத்தப் போவதாக அறிவித்து, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்த முடிவைக் கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே போய் மாற்ற வேண்டும். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', அதில் மூன்றாம் ஆள் குக்கி, அதில் 'பிளாக்'. முடிந்தது. எப்போதாவது ஒரு தளம் இதனால் வேலை செய்யாவிட்டால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

அடுத்தது அனுமதிகள். இதுதான் அந்தப் பையனைக் கவிழ்த்தது. போனில் குரோமைத் திறந்து, மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ் என்று போங்கள். நோட்டிபிகேஷன், இருப்பிடம், கேமரா, மைக் என்று பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பாருங்கள். தெரியாத பெயர் எல்லாவற்றையும் வெளியே அனுப்புங்கள். நோட்டிபிகேஷனை மொத்தமாகவே மூடிவிடலாம். ஒரு தளமும் கேட்கக்கூட முடியாது. நான் மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒன்றும் குறைந்துபோகவில்லை.

மூன்றாவது, இன்காக்னிட்டோ. இதைத் திறந்துவிட்டால் மாயமாகிவிட்டோம் என்று நினைப்பு. நம் மெஷினில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். நாம் போன தளத்துக்குத் தெரியும், இணைய இணைப்புக் கொடுத்தவருக்குத் தெரியும், கல்லூரி வைஃபையாக இருந்தால் கல்லூரிக்கும் தெரியும். (முதல்வர் ஐயா சிரிக்கிறார்.) இதைப் பற்றி அமெரிக்காவில் 2020-இல் ஒரு வழக்கே நடந்தது, 2024-இல் அந்தச் சமரசத்தில், திரட்டிய பதிவுகளை அழிக்க கூகுள் ஒத்துக்கொண்டது.

நான்காவது, பொதுக் கம்ப்யூட்டர். வல்லக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த்தான் பாதிப்பேர் ஆதாரும் ஹால் டிக்கெட்டும் எடுக்கிறார்கள். கடை அக்கா நல்லவர்; ஆனால் அந்த மெஷினில் உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்காருவார்கள். டவுன்லோடு ஃபோல்டரில் உங்கள் ஆதார் பி.டி.எஃப். கிடக்கும். அதற்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தக் கடவுச்சொல். அதைக் கண்டுபிடிக்க என்ன கஷ்டம்? அதனால் குரோமில் கெஸ்ட் விண்டோ திறந்து வேலை பாருங்கள். மூடியதும் உள்ளே பதிந்தது அழிந்துவிடும். ஆனால் இறக்கிய கோப்பு அழியாது. அதை நீங்களே நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். 'கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்'. சொந்தக் கணக்கைப் போட்டு சிங்க் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எட்டு மாத அனுபவசாலி சொல்கிறேன், கேளுங்கள்.

வசதி

வசதி என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். வசதியாக இல்லாத செட்டிங்கை எவரும் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். ஷாப் ஃப்ளோரிலும் அப்படித்தானே? கைக்கு எட்டாத இடத்தில் வைத்த பாதுகாப்புக் கண்ணாடியை எவரும் போடுவதில்லை.

எழுத்தளவைக் கூட்டுங்கள். தமிழ் எழுத்துக்குச் சுழியும் வளைவும் அதிகம். ஆங்கில எழுத்துக்கு வைத்த அளவில் நம் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரீடர் முறை என்று ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கிற குப்பையெல்லாம் போய், கட்டுரை மட்டும் தாளில் அச்சடித்த மாதிரி நிற்கும். தானாக ஓடுகிற வீடியோவை பயர்பாக்ஸில் நிறுத்தி வைக்கலாம். தமிழ்ப் பக்கம் திறந்ததும் ஆங்கிலத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தால், தமிழை மாற்ற வேண்டாம் என்று ஒரே தடவை சொல்லிவிடலாம். கோப்பை எங்கே இறக்குவது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கும்படி வைத்தால், எது எங்கே போனது என்ற தேடலே இருக்காது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் தமிழ் தெரிவதே ஒரு செட்டிங்காக இருந்தது! ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கி, உலாவியில் குறியேற்றத்தை மாற்றி, எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால்தான் 'அ' 'அ'-வாகத் தெரியும். இல்லாவிட்டால் கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் பொது வடிவம் பேசினார்கள். பிறகு யுனிகோடு பரவி, இன்றைக்கு எதையும் தொடாமலே தமிழ் தெரிகிறது. யார் யாரோ உட்கார்ந்து செட்டிங் பார்த்ததால்தான் நமக்கு அது தேவையில்லாமல் போனது. அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது உலாவிக்கே ஒரு தமிழ்ப் பெயர் வந்திருக்கிறது. சென்னையின் ஜோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட உலாவியின் பெயர் 'உலா'. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் இதுவும் கட்டியது. எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: வேலைக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனி முறைகள் வைத்திருக்கிறார்கள். மற்ற உலாவிகளிலும் புரொஃபைல் என்ற பெயரில் இப்படிப் பிரிக்க முடியும். எதை வைத்திருந்தாலும் பிரித்து வையுங்கள். வேலை உலாவியில் வங்கி வேண்டாம். பிள்ளை விளையாடும் புரொஃபைலில் உங்கள் கடவுச்சொல் வேண்டாம். நான் விளம்பரத்துக்கு வரவில்லை. எந்த உலாவியானாலும் செட்டிங்கைத் திறந்து பார்க்காவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

கேள்வி நேரத்தில்

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: "சார், நான் தப்பா ஒண்ணும் பண்றதில்ல. மறைக்க எதுவும் இல்லாதவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

நான் திருப்பிக் கேட்டேன்: "ஹாஸ்டல் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் எதுக்கும்மா? உள்ளே தப்பு பண்றதுக்கா?" அவையில் சிரிப்பு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் சம்மதம் தெளிவாகவும் சுதந்திரமாகவும் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாம்தான் படிக்காமலே 'அனுமதி' என்பதை அழுத்திக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையனுக்கும் மறைக்க ஒன்றும் இல்லை. இழக்கத்தான் இருந்தது.

பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "இத்தனையும் ஞாபகம் வச்சுக்க முடியுமாப்பா? ஒண்ணே ஒண்ணு செய்யணும்னா எது?"

ஐயா, ஒன்றே ஒன்று என்றால் நோட்டிபிகேஷன் பட்டியல். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உங்கள் போனில் மட்டும் பார்க்காதீர்கள். அம்மா போன், அப்பா போன், ஊரில் இருக்கிற தம்பி போனையும் வாங்கிப் பாருங்கள். அவர்களாகப் போய்ப் பார்க்க மாட்டார்கள். நாம் இன்ஜினியர், வீட்டுக்கு ஒரு செட்டர் வேண்டாமா?

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்த மாதம் அவன் அம்மாவுக்குப் பணம் அனுப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்றான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் கொடுத்தோம். தவணையில் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்போது அவன் அறைக்குப் புதிதாக யார் வந்து சேர்ந்தாலும், பாயைப் போடுவதற்கு முன்னால் போனை வாங்கி சைட் செட்டிங்ஸைத் திறந்துவிடுகிறானாம். போன மாதம் என்னைப் பார்த்து, "அண்ணா, ஒருத்தன் போன்ல 60 இருந்துச்சுண்ணா. உங்களோடதைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று கேட்டான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு தளம் இருப்பிட அனுமதி வாங்கி வைத்திருந்தது. நீக்கினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் ஒரு மணி நேரம் இருப்பேன். போனைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.